என் மகளின் முதல் நீச்சல் போட்டியில் நான் செய்த தவறுகள்

மகளின் முதல் நீச்சல் போட்டிக்கு 19,400 ரூபாய் செலவானது. சாப்பாட்டுச் செலவைச் சேர்க்காமல். போட்டி உடை 6,200, காகிள்ஸ் (நீச்சல் கண்ணாடி) 1,450, ஒரு மாத ஸ்பெஷல் கோச்சிங் 5,000, எண்ட்ரி கட்டணம் 1,000, மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்வர ரயிலும் ஆட்டோவுமாக 2,150, லாட்ஜில் இரண்டு இரவுக்கு 3,600. இரண்டு போட்டியையும் சேர்த்து அவள் தண்ணீருக்குள் இருந்தது இரண்டரை நிமிடம்கூட இல்லை. திரும்பி வந்ததும் ஐந்து வாரம் குளத்துப் பக்கமே வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. தண்ணீரைக் கண்டால் ஓடிப்போய்க் குதிக்கிற பிள்ளை, குளத்துக்குப் போகிற தெரு வந்தாலே என் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் எனக்கு எதுவும் தெரியாமல் இருந்ததுதான். யாராவது ஒருவர் முன்பே உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் அவ்வளவும் நடந்திருக்காது. அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் போட்டி நீச்சல் யாருக்கும் தெரியாது. அப்பா மேலூர்ப் பக்கம் விவசாயம், கிணற்றிலும் கம்மாயிலும் நீந்திப் பழகியவர். எனக்கு நீச்சலே தெரியாது. கணவர் குவைத்தில் வேலை, வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆக, போட்டி என்றதும் விசாரித்ததும் ஓடியதும் நான் மட்டும்தான். மகள் ஏழு வயதில் கோடை முகாமில் சேர்ந்தாள், பிடித்துப்போனது, அப்படியே தொடர்ந்தாள். ஒன்பது வயது நடக்கும்போது அகாடமியில், "நல்லா பண்றா, சென்னைல ஒரு மீட் இருக்கு, போட்டுரலாம்" என்றார்கள். அக்கம்பக்கத்தில் சொன்னதும், "குற்றாலீஸ்வரன் மாதிரி வருவா பாருங்க" என்றார்கள். 1994-இல் அவர் பாக் நீரிணையை நீந்திக் கடந்தது எங்கள் தலைமுறைக்கு மறக்காது, அதனால் நீச்சல் என்றாலே அந்தப் பெயர்தான் வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த தினிதி தேசிங்கு 14 வயதில் நீந்தியதை வேறு ஒருவர் எடுத்துச் சொன்னார். பிள்ளைக்கு இதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அது பாராட்டு இல்லை, பாரம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போட்டி உறுதியானதும் முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். தெரியாதவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வோம் என்று நினைக்கிறேன், வேறு எதைச் செய்வது என்று தெரியாததால் எதையாவது வாங்குவோம். கடைக்காரர் காட்டிய, பெரிய வீராங்கனைகள் போடுகிற மாதிரி உடம்போடு ஒட்டிய உடையை வாங்கினேன். அதை மாட்டவே கால் மணி நேரம் ஆகும். போட்டி நாளன்று உடை மாற்றும் அறையில் ஈரத் தரையில் நின்றுகொண்டு, நான் ஒரு பக்கம் இழுக்க அவள் ஒரு பக்கம் இழுக்க, தொடையெல்லாம் சிவந்து கண்ணீரோடு வெளியே வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த உடை தேவையே இல்லை. தினமும் போட்டுப் பழகிய, தொளதொளப்பு இல்லாத சாதாரண நீச்சல் உடை போதும். காகிள்ஸும் அப்படித்தான், விலை கூடியதை வாங்குவதைவிட முகத்துக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். கடையிலேயே வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணில் மட்டும் வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள், இரண்டு மூன்று நொடி தானாக ஒட்டி நின்றால் அந்த முகத்துக்குச் சரி. இன்னொன்று, எந்தப் பொருளாக இருந்தாலும் போட்டி நாளில் புதிதாகப் போடக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் பயிற்சியில் போட்டுப் பழகியிருக்க வேண்டும். நான் புதுக் காகிள்ஸை அழகாகப் பெட்டியிலேயே வைத்திருந்து அன்றைக்குத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சான்றிதழ் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழ் அசல், ஆதார், இரண்டு மூன்று நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் ஒரு கவரில் எப்போதும் இருக்கட்டும். வயதுப் பிரிவை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று சுற்றறிக்கையில் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் அந்த வருடம் டிசம்பர் 31-இல் என்ன வயதோ அதுதான் கணக்கு என்று இருந்தது. என் மகள் நவம்பரில் பிறந்தவள். போட்டி நடந்தபோது ஒன்பது வயது, ஆனால் பத்து வயதுக்காரர்களோடு நீந்த வேண்டியிருந்தது. முன்பே தெரிந்திருந்தால் அவளிடம், "உன்னைவிடப் பெரிய அக்காக்கள் இருப்பாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்திருப்பேன்.

வியாழன் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், வெள்ளி விடிகாலை எழும்பூர். போட்டி சனியும் ஞாயிறும். முழு வெள்ளிக்கிழமையும் கையில் இருந்தது. அன்று சாயங்காலம் போட்டிக் குளத்தில் பயிற்சிக்கு விடுகிறார்கள் என்று அறிவிப்பில் இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. லாட்ஜில் தூங்கினோம், அப்புறம் கடற்கரைக்குப் போனோம். பிள்ளை சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் வாழ்க்கையில் 50 மீட்டர் குளத்தைப் பார்த்ததே கிடையாது. நாங்கள் பழகுவது 25 மீட்டர் குளம். 25 மீட்டரில் 50 நீந்துவது என்றால் ஒரு முறை போய்ச் சுவரை உதைத்துத் திரும்பி வருவது. அந்த உதையில் கொஞ்ச தூரம் சும்மாவே போய்விடலாம், கண்ணுக்கு முன்னால் சுவரும் சீக்கிரம் வந்துவிடும். 50 மீட்டர் குளத்தில் பாதி வழி வந்த பிறகும் எதிர்ச்சுவர் எங்கேயோ இருக்கும், பிடிக்க எதுவும் இருக்காது. பெரிய வீரர்களுக்கே 25 மீட்டர் குளத்து டைமிங்கைவிட 50 மீட்டர் குளத்து டைமிங் கூடத்தான் வரும். இது தெரியாமல், "பிராக்டிஸ்ல 52 செகண்ட், இங்க 50-ஐத் தொட்டுரு" என்று முந்தின இரவு வேறு சொன்னேன். வெளியூரிலிருந்து போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே குளத்தைக் காட்டிவிடுங்கள். சென்னைக்கு வேறு வேலையாகப் போகும்போதுகூட வேளச்சேரி நீச்சல் வளாகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வளாகம் அது, 50 மீட்டர் என்றால் எவ்வளவு நீளம் என்று பிள்ளை கண்ணால் பார்த்துக்கொள்ளும்.

அன்று இரவு நான் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நாளைக்கு முழுக்க குளோரின் தண்ணீரில் இருக்கப் போகிறாளே என்று தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, நன்றாக வாரி இறுக்கிப் பின்னிவிட்டேன். எண்ணெய்த் தலையில் நீச்சல் கேப் நிற்காது, மெதுவாக மேலே வழுக்கிக்கொண்டே போகும். வழுக்கும்போது காகிள்ஸ் வாரையும் கூட்டிக்கொண்டு போகும். இது எனக்குத் தெரியாது.

காலையில் ஆறு மணிக்கு லாட்ஜுக்குக் கீழே இருந்த ஓட்டலில் நெய்ப் பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டால்தானே தெம்பு. ஏழு மணிக்கு வார்ம் அப், ஏழேகாலுக்குக் குளத்தங்கரையில் அவ்வளவையும் வாந்தி எடுத்துவிட்டாள். அப்புறம் பயத்தில் நான் எதுவும் கொடுக்கவில்லை. அவள் ஹீட், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து நீந்துகிறவர்களின் சுற்று, வந்தபோது மணி பதினொன்றே கால். நாலு மணி நேரம் வெறும் வயிறு. இப்போது நாங்கள் பழகியிருக்கிற முறை இதுதான். நீந்துவதற்கு இரண்டரை மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, எண்ணெய் நெய் இல்லாமல், சாம்பார் கொஞ்சமாக. ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். காத்திருக்கும்போது பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, பிஸ்கட், நாலு திராட்சை, இப்படிக் கொறிக்கிற மாதிரி ஏதாவது. தண்ணீர் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குளத்துக்குள் இருப்பதால் வேர்ப்பது தெரியாது, ஆனால் வேர்க்கும். கடைசி ஹீட் முடிந்த பிறகு அவள் கேட்கிற எதையும் வாங்கிக் கொடுப்பேன், பொங்கல் உட்பட.

யார் எந்த ஹீட், எந்த லேன் என்கிற பட்டியலை, ஹீட் ஷீட்டை, ஒட்டியதும் போய்ப் பார்த்தேன். முதல் ஹீட், முதல் லேன். ஓரத்தில் போட்டிருக்கிறார்கள், வெளியூர்ப் பிள்ளை என்று ஒதுக்குகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்து, அங்கே நின்ற ஒரு தன்னார்வலர் பையனிடம் சத்தம் போட்டேன். அவன் பாவம், விழித்தான். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு அம்மா, அவர் பையன் நாலு வருடமாக நீந்துகிறானாம், என்னைத் தனியாக அழைத்துப்போய் விளக்கினார். எட்டு லேன் குளத்தில் ஒரு ஹீட்டில் வேகமானவருக்கு 4, அடுத்தவருக்கு 5, அப்புறம் 3, 6, 2, 7, 1, 8 என்று கொடுப்பார்கள். எண்ட்ரியில் டைமிங் எழுதாமல் அனுப்பினால் முதல் ஹீட்டுகளில், ஓர லேனில்தான் பெயர் வரும். என் மகளின் எண்ட்ரியை அகாடமியில் டைமிங் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எண்ட்ரி கொடுக்கும்போது டைமிங் எழுதினீர்களா என்று கேளுங்கள். எழுதாவிட்டாலும் கவலை இல்லை, முதல் போட்டியில் ஓர லேன் பிள்ளைக்கு நல்லது என்றுகூட இப்போது நினைக்கிறேன், ஒரு பக்கம்தான் ஆள் இருக்கும். ஆனால் அந்தக் கோபத்தை நான் காட்டிய நிமிடத்தில் பிள்ளைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான், இங்கே ஏதோ தப்பாக நடக்கிறது, அம்மாவே பயந்துபோயிருக்கிறாள்.

பெயர் கூப்பிட்டு மார்ஷலிங்குக்கு, அதாவது வரிசையில் நிறுத்த, அனுப்பும் இடத்தில் பெற்றோரை உள்ளே விடவில்லை. அது சரியான விதிதான், இல்லாவிட்டால் அங்கே நிற்க இடம் இருக்காது. ஆனால் அதுவரை கேப் போடுவது, காகிள்ஸ் மாட்டுவது எல்லாம் நான்தான். அவள் தானாக ஒருநாளும் போட்டதில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, எண்ணெய்த் தலையில் கேப்பை இழுத்து இழுத்து, அது டப்பென்று மேலே துள்ளி வர, மறுபடி இழுத்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. ஆறேழு வயதிலிருந்தே கேப்பும் காகிள்ஸும் பிள்ளையே போடட்டும். முந்தின நாள் எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளிப்பாட்டி, முடியைத் தாழ்வாகக் கொண்டை போட்டு, முதலில் காகிள்ஸ், அதன் வார் மேல் கேப். கேப்புக்கு அடியில் வார் இருந்தால் குதிக்கும்போது எளிதில் கழன்று வராது. கேப்பைத் தண்ணீரில் நனைத்துப் போட்டால் சுலபமாக ஏறும்.

அடுத்தது ஸ்டார்ட்டிங் பிளாக், ஏறி நின்று குதிக்கிற மேடை. எங்கள் குளத்தில் கிடையாது. கரை விளிம்பில் நின்று குதித்துத்தான் பழக்கம். பிளாக் தண்ணீருக்கு மேலே அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், முன்பக்கம் சரிவாக இருக்கும். நான்கடி உயரப் பிள்ளை அதன் மேல் ஏறி நின்று கீழே பார்த்தால் கிணற்றை எட்டிப் பார்ப்பது போலத்தான் தெரியும். நடுவர் முதலில் விட்டுவிட்டுச் சின்னச் சின்ன விசிலாக ஊதுவார், துண்டு, மேலாடை எல்லாம் எடுத்துவிட்டுத் தயாராக வேண்டும். அப்புறம் ஒரு நீண்ட விசில், பிளாக்கில் ஏற வேண்டும். 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். பிறகுதான் சிக்னல். அதற்கு முன்னால் பாய்ந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள், இன்னொரு வாய்ப்பு எல்லாம் கிடையாது. இதில் எதுவுமே என் மகளுக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து ஏறினாள். சிக்னல் கேட்டு மற்றவர்கள் பாய்ந்து ஒரு நொடி கழித்து, வயிறு தண்ணீரில் பட்டென்று அடிக்க விழுந்தாள். காகிள்ஸ் வாய்க்கு இறங்கிவிட்டது. கேப் தனியாக மிதந்தது. கண்ணை மூடிக்கொண்டே நீந்தி லேன் கயிற்றில் போய் இடித்து, பாதி வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற எல்லோரும் முடித்து ஏறிவிட்டார்கள். நான் கேலரியில் எழுந்து நின்று, "விடாத, விடாத, நீந்து" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது, காது தண்ணீருக்குள் இருக்கும்போது நாம் கத்துவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கேட்கும். கொஞ்ச நேரத்தில் காகிள்ஸைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மறுபடி நீந்தி வந்து சுவரைத் தொட்டாள். கயிற்றை இழுத்து முன்னால் வரவில்லை, பிடித்து மூச்சு வாங்கினாள், அவ்வளவே, அதனால் டைமிங் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் 14 நொடி. கூட்டம் கைதட்டியது.

இப்போது யோசித்தால், முதல் தடவை பார்க்கிற குளத்தில், கண் தெரியாமல், யாரும் உதவ முடியாத இடத்தில், ஒரு சின்னப் பிள்ளை தானே முடிவெடுத்து முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு அங்கே நீந்திய யாரைவிடவும் அது பெரிய காரியம். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வெளியே வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் காகிள்ஸை டைட்டா போடலை?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

முடித்துவிட்டு வரும் பிள்ளையிடம் முதல் பத்து நிமிடம் என்ன பேசுவது என்பதை நான் இப்போது முன்கூட்டியே தீர்மானித்து வைத்துக்கொள்கிறேன். துண்டு, செருப்பு, தண்ணீர், "குளிருதா?", "பசிக்குதா?" இவ்வளவுதான். டைமிங் பற்றி அவளாகக் கேட்டால் ஒழிய நான் பேசுவதில்லை. தப்பு என்ன என்று சொல்வது கோச்சின் வேலை, அதுவும் அடுத்த நாள் பயிற்சியில். வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுப் பிள்ளை காதுபட முடிவைச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு ஆறு பேருக்குப் போன் போட்டேன், ஆறு முறையும் அவள் அந்தக் காகிள்ஸ் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரி லாட்ஜில், "நாளைக்கு வேணாம்மா" என்றாள். பணம் கட்டியாச்சே, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று நான் சமாதானம் சொல்லி ஞாயிறு மறுபடி கூட்டிப்போனேன். 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், தவளை மாதிரி நீந்துவது. நன்றாகத்தான் நீந்தினாள், பழைய காகிள்ஸைப் போட்டிருந்தாள், அது கழலவில்லை. கடைசியில் சுவர் வந்ததும் ஆர்வத்தில் ஒரு கையை நீட்டித் தொட்டுவிட்டாள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், திரும்பும்போதும் சரி, முடிக்கும்போதும் சரி. ஃப்ரீஸ்டைலுக்கு ஒரு கை போதும். டிஸ்குவாலிஃபை. பலகையில் அவள் பெயருக்கு நேரே டைமிங் இல்லாமல் டி.க்யூ. என்று இருந்தது. அவளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ரயிலில் நடு பெர்த்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், விழுப்புரம் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள், "அம்மா, டிஸ்குவாலிஃபைன்னா ஸ்கூலுக்கு லெட்டர் போடுவாங்களா?" அவ்வளவு நேரமும் தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். போட்டிக்கு முன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். டி.க்யூ. என்றால் தண்டனை இல்லை, அந்த ஒரு நீச்சலுக்கு மட்டும் டைமிங் கிடையாது, நீந்துகிற எல்லோருக்கும் எப்போதாவது ஒருமுறை நடக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்த ஐந்து வாரம். "பயம் தெளியல, இன்னும் ஒரு மாசம் ஸ்பெஷல் கோச்சிங் போடுங்க" என்றார்கள் அகாடமியில். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன், போடவில்லை. மாதக் கட்டணம் 2,000 வீணாகப் போனது, போகட்டும் என்று விட்டுவிட்டு, பள்ளி விடுமுறையில் அப்பாவிடம் கூட்டிப்போய்விட்டேன். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. "என்ன தாயி, கெணத்துக்கு வர்றியா, தாத்தாவுக்குத் துணைக்கு ஆளில்ல" என்று மட்டும் சொன்னார். முதல் நாள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். இரண்டாம் நாள் இடுப்பளவு. அப்பா சின்ன வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டே தண்ணீரில் மல்லாக்கப் படுத்து மிதந்து காட்டுவார், வெற்றிலை போட்ட வாயோடு. மூன்றாம் நாள் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீருக்குள் ஒரு படி கீழே வைத்துவிட்டு, "முங்கி எடுத்துட்டு வா பாப்போம்" என்றார். எடுத்தாள். அடுத்து இரண்டு படி கீழே. ஒரு வாரத்தில், அப்பா உள்ளே நிற்க, மேல் படியிலிருந்து காலை மடக்கிக்கொண்டு தொபுக்கென்று குதிக்க ஆரம்பித்தாள். குதித்து மேலே வந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்த சத்தம் கிணற்றுக்குள் எதிரொலித்துக்கொண்டே இருந்தது. நான் மேலே நின்று அழுதேன். கிணறு ஆபத்தான இடம். அங்கேயே பிறந்து வளர்ந்து நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள்ளேயே கூட இருந்ததால்தான் விட்டேன், கயிறும் டியூப்பும் கரையில் இருந்தன, தலைகீழாகக் குதிக்க அப்பா ஒருநாளும் விடவில்லை. உங்களுக்கு அப்படி ஆள் இல்லாவிட்டால் குளத்திலேயே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கோச், விசில், டைமிங் எதுவும் இல்லாமல் விளையாட விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் போட்டிக்காகவும் குறைக்காதீர்கள்.

மதுரைக்குத் திரும்பியதும் அவளே, "நீச்சலுக்குப் போகலாமா?" என்றாள். இந்தத் தடவை நான் கோச்சிடம் நேராகப் பேசினேன். எல்லாச் சுவரிலும் இரண்டு கையால் தொட்டுப் பழக வேண்டும், பயிற்சியில் சும்மா திரும்பும்போதும்கூட. பிளாக் இருக்கிற குளத்துக்கு மாதம் ஒருமுறையாவது அழைத்துப்போய் அதன் மேலிருந்து குதிக்கச் சொல்லித்தர வேண்டும், ஆழம் போதுமான இடத்தில், கோச் பக்கத்தில் நின்று. தாடையை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கைக்கு நடுவில் தலையை வைத்துப் போனால் தண்ணீர் நெற்றியில் படும், காகிள்ஸில் அடிக்காது. தலையைத் தூக்கிக் குதித்தால் நேராகக் காகிள்ஸில்தான் அடிக்கும். அப்புறம், காகிள்ஸ் கழன்றால் என்ன செய்வது என்பதையே ஒரு பயிற்சியாக வைக்கச் சொன்னேன். வாரம் ஒருநாள் காகிள்ஸே இல்லாமல் ஒரு நீளம், அடியில் இருக்கிற கறுப்புக் கோட்டை மங்கலாகப் பார்த்துக்கொண்டே. இரண்டு வாரத்தில் அந்தப் பயம் போய்விட்டது. கோச் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கினேன், ஆனால் கேட்டதும் செய்தார், கேட்கிற பெற்றோர் இல்லை என்பதுதான் விஷயம் போல.

வீட்டில் 30 ரூபாய்க்கு ஒரு விசில் வாங்கினோம். வாசல் படிதான் பிளாக். சின்னச் சின்ன விசில், அவள் துண்டைக் கழற்றி நாற்காலியில் போடுவாள். நீண்ட விசில், படியில் ஏறுவாள். 'டேக் யுவர் மார்க்ஸ்' என்பேன், குனிந்து கால் கட்டைவிரலால் படி விளிம்பைப் பற்றிக்கொண்டு சிலையாக நிற்பாள். சில நேரம் வேண்டுமென்றே ஐந்து நொடி இழுப்பேன், சில நேரம் உடனே கை தட்டுவேன். முன்னாலேயே துள்ளினால் அவளே, "அவுட்டு, அவுட்டு" என்று கத்துவாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கு நீச்சலே தெரியாது. அதை நாங்கள் பயிற்சி என்று ஒருநாளும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து உள்ளூரிலேயே ஒரு சின்னப் போட்டி, 25 மீட்டர் குளம். முதல் போட்டியே இப்படி ஒன்றாக இருந்திருக்க வேண்டும், வீட்டிலிருந்து கிளம்பி மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிற தூரத்தில். முந்தின நாள் பையை அவளே அடுக்கினாள். இரண்டு காகிள்ஸ், இரண்டு கேப், இரண்டு துண்டு, செருப்பு, ஈரத்துணிக்குக் கவர், தண்ணீர், வாழைப்பழம், காத்திருக்கும்போது விளையாட ஊனோ சீட்டு. போட்டி நாளில் பெரும்பகுதி நேரம் காத்திருப்பதுதான், அந்த நேரத்தில் போனைக் கொடுத்தால் பிள்ளை தனியாக ஒடுங்கிவிடும், சீட்டுக்கட்டு இருந்தால் பக்கத்து லேன் பிள்ளை தோழியாகிவிடும். இந்தப் போட்டியில் என்ன செய்யணும்னு நினைக்கிற என்று கேட்டேன். யோசித்துவிட்டு இரண்டு சொன்னாள். காகிள்ஸ் கழலக் கூடாது, ரெண்டு கையால தொடணும். டைமிங் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அகாடமிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து 4×50 ரிலேவும் போட்டார்கள். இதையும் சொல்லிவைக்கிறேன், முதல் போட்டியில் ரிலே இருந்தால் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள், தனியாக நீந்தும்போது வெளிறிப்போகிற பிள்ளைகள் ரிலேயில் கரையில் நின்று தொண்டை கட்டுகிற வரை கத்துவார்கள்.

பதக்கம் எதுவும் வரவில்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஹீட்டில் ஐந்தாவது, ரிலேயில் நாலாவது. வெளியே வந்ததும் நான் துண்டை நீட்டினேன், வாயைத் திறக்கவில்லை. அவள் துண்டை வாங்காமல், "போன் குடும்மா" என்றாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பக்கம் அப்பா "யாரு?" என்று கேட்பதற்குள், "தாத்தா, ரெண்டு கையும் தொட்டுட்டேன்" என்று கத்தினாள்.